சிஞ்ஞோராவின் பெயரில் நான் தீட்டிய மண்டலங்கள்

இதுவரை நான் பதினேழு மண்டலங்களுக்கு நிறம் தீட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட என் பெயர் இல்லை. பதினேழும் பலெர்மோவில், ஒரு மூன்றாம் மாடி வீட்டின் குசினி மேசையில், அடுப்பில் தக்காளிச் சாறு கொதித்துக்கொண்டிருக்க, பென்சிலைச் சீவிச் சீவித் தீட்டியவை. அவற்றைப் பார்த்து ஒரு பெண்மணி என் சிஞ்ஞோராவின், என் எசமானியம்மாவின், மனத்தை வாசித்தார். வாசித்ததைக் குரல்பதிவாகவும் அனுப்பினார். ஒவ்வொரு பதிவும் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது.

நான் மன்னார்க்காரி, வேதக்காரி. எங்கள் வீட்டு வாசலில் ஒருநாளும் கோலம் போட்டதில்லை. போட்டிருந்தால் பங்குச் சாமியார் வந்து அழித்திருப்பார். மண்டலம், யந்திரம், சக்கரம் எல்லாம் பக்கத்துத் தெருச் சைவக்காரரின் விவகாரம் என்றுதான் வளர்ந்தேன். கடல் தாண்டி, போப்பாண்டவர் இருக்கிற நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு அந்த விவகாரம் வேலையாக வாய்த்தது.

சிஞ்ஞோராவுக்கு எண்பத்து மூன்று வயது. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கேத்திர கணிதம் படிப்பித்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் மிலானோவில். நான் அந்த வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறேன். குசினிக்குப் பக்கத்து அறை என்னுடையது. வேலை ஒப்பந்தம் அவருடைய பெயரில். என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, அந்த ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. அவர் அந்த வீட்டில் இருக்கும்வரைதான் எனக்கும் ஒரு வீடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஒரு புனிதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவர் இத்தாலியனில் பேசியதை நான் இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவருடைய இத்தாலியன் இஸ்திரி போட்ட இத்தாலியன். பழக்கடைக்காரனின் சிசிலிப் பேச்சைக்கூடப் பல்கனியில் நின்று திருத்துவார். என்னுடைய தமிழை அவர் வாசிக்கப் போவதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

மகளுக்கு விவாகரத்து ஆன வருடம் மண்டலம் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. அவர் ஒரு மாயெஸ்த்ராவிடம், அதாவது குருவம்மாவிடம், போகத் தொடங்கினார். அந்த மாயெஸ்த்ரா முன்பு வீடு விற்கும் தரகராக இருந்தவர். பிறகு மெலிவதற்கு வழி சொல்லிக்கொடுத்தவர். பிறகு இந்தியாவுக்குப் பதினெட்டு நாள் போய்வந்து, மனத்துக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டார். பலெர்மோவிலும் அவருக்கு ஒரு நிலையம் உண்டு. உள்ளே ஊதுபத்தி வாசம், வெளியே மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை. தாய்க்கு வயது போகிறது, அடிக்கடி வந்து பார்க்க முடியவில்லை என்று மகள் அவரிடம் அழுதிருக்கிறார். அவர் சொன்ன மருந்து இதுதான்: கிழமைக்கு ஒரு மண்டலம். தாய் நிறம் தீட்ட வேண்டும், படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து அவர் மனத்தின் நிலையைச் சொல்வார்.

தபாலில் ஒரு தடித்த புத்தகமும் முப்பத்தாறு நிறப் பென்சிலும் வந்தன. கூடவே மாயெஸ்த்ராவின் முதலாவது குரல்பதிவு. சிஞ்ஞோராவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்து, இரண்டு பேரும் கேட்டோம். திபெத்துப் பிக்குமார் சின்னக் குழாயால் நிற மணலைத் தட்டித் தட்டி, நாட்கணக்காகக் குனிந்திருந்து மண்டலம் போடுவார்களாம். அது உண்மையில் ஒரு மாளிகையாம். நான்கு திசையிலும் நான்கு வாசல், நடுவில் ஒரு தெய்வம். தியானத்தில் அந்த வாசலால் நுழைந்து, சுற்றுச் சுற்றாய் உள்ளே போய், நடுவை அடைய வேண்டுமாம். எல்லாம் முடிந்ததும் அவ்வளவு மணலையும் கூட்டி அள்ளி ஆற்றில் விட்டுவிடுவார்களாம், ஏனென்றால் எதுவும் நிலையில்லை. இவ்வளவையும் உருக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில், முடித்த தாள்களைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கோப்பில் பத்திரப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார்.

எங்கள் பக்கத்துப் புத்தர் வேறு மாதிரி வந்தவர். இராணுவ முகாம் வந்து ஒரு மாதத்தில், பக்கத்து அரசமரத்தடியில் அவரும் வந்து அமர்ந்துவிடுவார். மணலைக் கூட்டி ஆற்றில் விட்டதை நான் காணவில்லை, அங்கே எல்லாம் சீமெந்துதான். இதையெல்லாம் மாயெஸ்த்ராவிடம் சொன்னால் அவருக்கு விளங்காது. எனக்கும் சம்பளம் அதற்கு இல்லை.

சிஞ்ஞோரா முதலாவது பக்கத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஒரு வட்டம், நடுவில் ஒரு சிறு வட்டம், சுற்றி எட்டு இதழ்.

"எட்டாய்ப் பிரிக்கத் தெரியாதவன் ஆரோ கீறியிருக்கிறான்," என்றார். "இந்த இதழ் மற்றதை விடப் பெரிசு. நாற்பது வருசம் வட்டம் படிப்பிச்சனான். இதுக்கு நான் கலர் அடிக்கவோ? நீ செய்."

"எனக்கு உது தெரியாது, சிஞ்ஞோரா."

"நீ இந்தியாக்காரிதானே. உங்கடை சாமான்தானே இது."

"நான் இந்தியாக்காரி இல்லை. இலங்கை. வேதக்காரி."

"பக்கத்திலைதானே," என்று சொல்லிவிட்டு, ரேடியோவைப் போடப் போய்விட்டார். நாற்பது வருடம் அளவுகோலோடு வாழ்ந்த மனுசி, என் விசயத்தில் மட்டும் தூரத்தை இவ்வளவு சுலபமாகச் சுருக்கிவிட்டார்.

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆறு கிழமை நான் ஒரு நியாயமான முறையில் தீட்டினேன்: எந்தப் பென்சில் நீளமாக இருக்கிறதோ அது. எல்லாப் பென்சிலும் ஒரேயளவில் தேய வேண்டும் என்பது என் கவலை. சாமானை வீணாக்காமல் பாவிப்பது எனக்குப் பழக்கம். முதற்கிழமை நீலம் நீளமாக இருந்தது. சிஞ்ஞோரா ஒரு கடலுக்காக ஏங்குகிறார் என்று பதில் வந்தது. இரண்டாம் கிழமை மண்ணிறம். தகப்பனோடு தீராத மனக்கசப்பு உண்டாம். சிஞ்ஞோரா அதைக் கேட்டு, "என்ரை அப்பா தங்கமான மனிசன். இந்தப் பெண்ணுக்கு வருத்தமோ?" என்று கேட்டார். மூன்றாம் கிழமை ரோசா நிறம் வந்தபோது அவருக்குள் ஒரு காதல் அரும்புவதாகச் சொல்லப்பட்டது. அன்று இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தக் கிழமைகள் நல்ல கிழமைகள்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாமா என்று ஒருமுறை யோசித்தேன். ஆனால் மண்டலம் என்றால் என்ன, மாயெஸ்த்ரா என்றால் யார் என்று சாமியாருக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் பின்னால் வரிசையில் நிற்கிற சனம் வீட்டுக்குப் போய்விடும். விட்டுவிட்டேன்.

ஆறாம் கிழமை நிலைமை மாறியது. தேய்ந்த பென்சில்களைச் சமப்படுத்த நான் எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து தீட்டியிருந்தேன். ஒழுங்கு சிதறிப்போய்விட்டது, நடு கலங்கிவிட்டது என்று மாயெஸ்த்ரா மகளுக்குச் சொல்லியிருக்கிறார். மகள் உடனே எனக்கு போன் எடுத்தார். பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு பழைய வில்லாவை முதியோர் இல்லமாக மாற்றியிருக்கிறார்களாம், தோட்டம் இருக்கிறதாம், அம்மாவை அங்கே விடுவதுதான் நல்லது என்று யோசிக்கிறாராம்.

"உங்களுக்கும் வேறை வேலை தேடலாம்தானே," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் போனை வைத்துவிட்டு என் அறையைப் பார்த்தேன். கட்டில், மாதா படம், மூன்று சூட்கேஸ். ஐம்பத்தொரு வயதில் இந்த ஊரில் புது வேலை தேடுகிறவள் கொஸ்த்தூரா பொலிஸ் அலுவலகத்தில், பெர்மெஸ்ஸோ வரிசையில் எத்தனை விடியல் நிற்க வேண்டும் என்று மகளுக்குத் தெரியாது. சிஞ்ஞோராவுக்கோ அந்த வீடுதான் உலகம். எந்தக் கதவு எத்தனை பாகையில் திறந்தால் காற்று வரும் என்று சொல்லித் தருவார். அவரையும் மற்றவர்களோடு தோட்டத்துக் கதிரையில் வரிசையாக இருத்திவிடுவார்கள். மண்டலத்தில் ஒழுங்குதானே வேண்டும், ஒழுங்கைக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு கட்டினேன்.

வியாழன் பின்னேரம் எனக்கு விடுமுறை. பஸ் பிடித்து பிரான்காச்சோவுக்குப் போனேன். அங்கே அடுக்குமாடியில் ஒரு வன்னிப் பிள்ளை இருக்கிறாள். சண்டை முடிந்து வந்தவள். காலத்துக்குச் சியாகுல்லித் தோட்டங்களில் மாண்டரின் தோடம்பழம் பிடுங்குவாள், மற்ற நாட்களில் மாடிப்படி கழுவுவாள். சைவக்காரி. அவளுடைய மாமா ஊர்க் கோயிலில் ஐயருக்குக் கையுதவி செய்தவர் என்பதால், புதுவீட்டுக் குடிபூரல் பூசைகளுக்கு நவக்கிரகக் கட்டம் போட்டுத் தானியம் நிரப்பிய அனுபவம் அவளுக்கு உண்டு. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே மண்டல நிபுணி அவள்தான். இந்தியாவுக்குப் பதினெட்டு நாள் போனவளல்ல.

புத்தகத்தைக் காட்டினேன். அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பார்த்தாள். விரலில் மாண்டரின் தோல் வாசம் போகவில்லை.

"நடுவிலை ஒண்டு, சுத்தி எட்டு. ஒன்பது. அப்ப இது நவக்கிரகம்தான் அக்கா," என்றாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

தரையில் பேப்பரை விரித்து, அலுமாரியிலிருந்து போத்தல்களை எடுத்து, ஒன்பது குவியல் வைத்துக் காட்டினாள். பக்கத்தின் மேல்விளிம்பைக் கிழக்கு என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். நடுவில் சூரியன், கோதுமை, சிவப்பு. கிழக்கே சுக்கிரன், வெள்ளை. மொச்சை வைக்க வேண்டும், இங்கே மொச்சை கிடையாது, காய்ந்த பாவாக் கொட்டை. தென்கிழக்கே சந்திரன், அவரும் வெள்ளை, நெல்லுக்குப் பதில் அரிசி. தெற்கே செவ்வாய், துவரை. வடகிழக்கே புதன், பயறு, பச்சை. வடக்கே வியாழன், கடலை, மஞ்சள். மேற்கே சனி, எள்ளு, கறுப்பு. தென்மேற்கே ராகு, உளுந்து. வடமேற்கே கேதுவுக்குக் கொள்ளு கிடைக்கவில்லை, மைசூர்ப் பருப்பை வைத்தாள்.

"சிசிலிக்கு வந்தால் அவையும் கிடைச்சதைத்தான் சாப்பிட வேணும்," என்றாள். "சனிக்கு மட்டும் கறுப்பைக் குறைச்சுப் போடாதேங்கோ. கோவக்காரன்."

"இதிலை சிஞ்ஞோரான்ரை மனசு தெரியுமாம், பிள்ளை."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "இதிலை ஆற்றையும் மனசு தெரியாது அக்கா. இது வாறவைக்குப் போடுற கதிரை. ஒவ்வொருத்தரையும் அவையவையின்ரை இடத்திலை மரியாதையாய் இருத்தி, குடுக்கிறதைக் குடுத்து, நல்லபடியாய் அனுப்பிவைக்கிறது. பிறகு தானியத்தைக் கூட்டி அள்ளினால் வெறும் நிலம்தான்."

சொல்லிவிட்டு அப்படியே செய்தும் காட்டினாள். குவியல்களை எல்லாம் ஒன்றாக அள்ளிக் கழுவி, அன்றைக்கு எங்களுக்குக் கறி வைத்தாள். திபெத்துக்காரர் ஆற்றில் விட்டதை இவள் அடுப்பில் வைத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்பது கிரகமும் நல்ல ருசியாகத்தான் இருந்தன.

அடுத்த பதினொரு கிழமையும் நான் சட்டப்படி தீட்டினேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நவக்கிரகங்களை வாரம் தவறாமல் சிஞ்ஞோராவின் குசினியில் இருத்தினேன். சனிக்குக் கறுப்பை அழுத்தி அழுத்திப் போட்டேன். சுக்கிரனையும் சந்திரனையும் சும்மா விட்டுவிடலாம், தாளே வெள்ளைதானே என்று ஒரு கள்ள யோசனை வந்தது. ஆனால் வேலையென்று வந்தால் நான் கட்டிலுக்கு அடியிலும் துடைக்கிறவள். வெள்ளைப் பென்சிலை எடுத்து அந்த இரண்டு இதழையும் ஒரு மூலை விடாமல் தீட்டினேன். பன்னிரண்டு இதழ் உள்ள பக்கங்களைத் தொடவேயில்லை.

இதற்கிடையில் சிஞ்ஞோராவிடம் சில சின்ன மாற்றங்கள் இருந்தன. ஒரு காலை குசினிக்கு வந்து என்னிடம் பிள்ளைகளின் பெயர் கூப்பிடுகிற வகுப்பு இடாப்பைக் கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன், அவரும் சிரித்தார். இன்னொரு நாள் கோப்பியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வயதுதானே என்று நான் என்னையே சமாதானப்படுத்தினேன். ஒன்றும் தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய். தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை, அதுதான் சரியான வார்த்தை.

மாயெஸ்த்ராவிடமிருந்து பத்துக் கிழமை குரல்பதிவே வரவில்லை. ஒழுங்கைக் கண்டு வாயடைத்துப் போனார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பதினொராவது அனுப்பிய மறுநாள், மகள் விமானத்தில் வந்து இறங்கினார். கூடவே மாயெஸ்த்ராவும் வந்தார்.

சூடான ஆபிரிக்கக் காற்று அடித்த ஒரு பின்னேரம். மாயெஸ்த்ரா வாசலிலேயே எனக்குக் கைகூப்பி "நமஸ்தே" என்றார். நான் "புவோன்ஜோர்னோ" என்றேன். உறை போட்ட பதினொரு தாளையும் சாப்பாட்டு மேசையின் மேல், சிஞ்ஞோராவின் கலியாணத்து லேஸ் விரிப்பில் பரப்பி வைத்தார். சிஞ்ஞோரா தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கோப்பித் தட்டோடு நின்றேன்.

"பாருங்கோ," என்றார் மாயெஸ்த்ரா, மிகவும் தாழ்ந்த குரலில். "பதினொரு கிழமையும் ஒரே மாதிரி. மனசு ஒரே இடத்திலை இறுகிப்போச்சு. கீழை எல்லாத்திலையும் கறுப்பு. அத்திவாரம் செத்துப்போச்சு. அம்மா சாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறா." பிறகு மேலே விரலை வைத்தார். "மேலை இரண்டு இடம் வெறுமை. மேல் எண்டால் தலை. ஞாபகம் போன இடம் இதுதான். நான் சொல்லப் பயந்துதான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான்."

மகள் அழத் தொடங்கினார். பகேரியாவில் முதலாம் திகதி ஒரு அறை காலியாகிறது, கடதாசி எல்லாம் தன் பையில் இருக்கிறது என்றார். நான் மரியாதையாக இருத்திய சனி என்னை எப்படிக் கவனித்தார் என்று பாருங்கள்.

தட்டை வைத்தேன். கோப்பி கொஞ்சம் சிந்தியது.

"அது அம்மா செய்ததில்லை," என்றேன். "எல்லாம் நான் செய்தது. கீழை இருக்கிறது சனி. கிழக்கு மேலை, மேற்குக் கீழை. அவருக்குக் கறுப்புத்தான் போட வேணும். மேலை இருக்கிறது வெறுமை இல்லை. சுக்கிரனும் சந்திரனும்."

ஒரு தாளை உறையிலிருந்து உருவி, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். வெள்ளைப் பென்சிலின் மெழுகு பளபளத்தது. ஒரு மூலைகூட விடுபடவில்லை. என் வாழ்நாளில் என் வேலையை யாரும் அவ்வளவு கிட்ட வந்து பார்த்ததில்லை.

மாயெஸ்த்ராவின் முகம் ஒரு நிமிடம்தான் வாடியது. அடுத்த நிமிடம் பூத்துவிட்டது. செத்துப்போன அத்திவாரம் ஐயாயிரம் வருடத்து ஞானம் ஆகிவிட்டது. போனை எடுத்துப் பதினொரு தாளையும் படம் எடுத்தார். தன் நிலையத்துக்கு வந்து ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார். நான் கத்தோலிக்கப் பெண் என்று சொன்னேன். அதைப் பற்றி அங்கே பேச வேண்டியதில்லை என்றார்.

மகள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் வேலை போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

"அப்ப அம்மா ஒண்டுமே செய்யேல்லையோ?" என்று கேட்டார். பிறகு புதுப் பக்கம் ஒன்றைக் கிழித்துத் தாயின் முன்னால் வைத்து, பென்சில் பெட்டியைத் திறந்தார். "மம்மா, இப்ப நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. எனக்காக."

நான் மனதுக்குள் சிரித்தேன். சிஞ்ஞோரா இப்போது எட்டு இதழின் பிழையை எடுத்துச் சொல்லி, இரண்டு பேரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். முழு விரலாலும் பொத்திப் பிடித்தார். ஒரு கோடு இழுத்தார். அது வட்டத்தைக் கடந்து போனது. திரும்ப இழுத்தார். மேலும் கீழுமாக, இன்னும் அழுத்தி, தாளின் விளிம்பைத் தாண்டி, லேஸ் விரிப்பின் மேலும் இழுத்துக்கொண்டே போனார். பென்சில் முனை முறிந்த பிறகும் கை நிற்கவில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, பகிடி இல்லை. அந்த முகத்தில் நான் அறிந்த ஆள் இல்லை. பதினேழு கிழமையும் அவர் எதற்காக அந்தப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார் என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது.

"விடுதலை!" என்றார் மாயெஸ்த்ரா. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "வாழ்நாள் முழுக்கக் கோட்டுக்குள்ளை இருந்த மனிசி, இண்டைக்குத்தான் கோட்டைக் கடந்து வெளியிலை வந்திருக்கிறா. இதைவிடச் சுகமான மனசை நான் கண்டதில்லை."

மகள் தாயைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு என்னையும் கட்டிப்பிடித்தார். பகேரியாக் கடதாசி பையை விட்டு வெளியே வரவேயில்லை. அம்மா இந்த வீட்டிலேயே இருக்கலாம், நானும் இருக்கலாம், எல்லாம் பழையபடி. அந்த நேரம் எனக்கு வந்தது சந்தோசம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன். விரிப்பை ஊறப்போட்டபோதுகூட, ஒப்பந்தம் தப்பியது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் இறங்கிப் போகும்போது சிஞ்ஞோரா பல்கனியில் நின்று கையசைத்தார். கார் மறைந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"நல்ல சனம். ஆர் அவை?"

"ஒராள் உங்கடை மகள், சிஞ்ஞோரா."

"அப்பிடியோ," என்றார் மரியாதையாக.

மறுநாள் மகளுக்கு போன் எடுத்தேன். எடுப்பதற்கு முன் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் பார்த்தேன். பிறகு எடுத்துச் சொன்னேன்: அம்மா உங்களையே மறந்துவிட்டா, வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டார். மண்டலம் தெளிவாகக் காட்டிவிட்டதே என்றார். உங்கள் சனம் கனக்கக் கஷ்டம் பட்டதால் எதிலும் இருட்டைத்தான் பார்க்கிறீர்கள், மாயெஸ்த்ராவும் அதைத்தான் சொன்னார் என்றார். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களை எல்லாம் நம்பினார்கள். இந்த ஒரு உண்மையைத்தான் நம்பவில்லை.

நானே சிஞ்ஞோராவைக் கைபிடித்து மூன்று மாடி இறக்கி, தெருமுனைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வயது போன மனிதர். ஊதுபத்தி இல்லை, நமஸ்தே இல்லை. மேசையில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார்.

"சிஞ்ஞோரா, எனக்கு ஒரு மணிக்கூடு கீறித் தாங்கோ. முதல்லை ஒரு வட்டம். பிறகு உள்ளுக்கு எண்கள்."

இந்தத் தாளில் என்ன வருகிறதோ அதை எழுதி மகளுக்கு அனுப்புவேன் என்று என்னிடம் முன்னமே சொல்லியிருந்தார். வைத்தியரின் எழுத்தை மகள் நம்பாமல் இருக்க முடியாது. பகேரியாவும் என் அறையும் பெர்மெஸ்ஸோவும் அந்தத் தாளில்தான் இருந்தன.

சிஞ்ஞோரா தாளைப் பார்த்தார். பிறகு, வைத்தியர் பார்க்காத மாதிரி, மேசை விளிம்பால் மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"நீ செய்," என்றார் சின்னக் குரலில்.

என் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டேன். தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்கள்தான் கீற வேணும், சிஞ்ஞோரா."

அவர் கீறினார். கவராயம் இல்லாமல், ஒரே இழுப்பில். கை நடுங்கவில்லை. தொடங்கிய இடத்தில் அச்சாக வந்து சேர்ந்தது. வைத்தியர்கூடக் குனிந்து பார்த்தார். அவ்வளவு அழகான வட்டம்.

பேனா அந்த வட்டத்துக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ன வரும்?" என்று கேட்டார்.

பன்னிரண்டு எண்ணும் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை.